தூக்குவாளியிடம் தோற்ற இறுதி ஆட்டம்

1

போன வாரம் எங்கள் ஆபீஸ் டீ அறையில் துக்கம் கொண்டாடினார்கள். யாரும் சாகவில்லை. இங்கே டிவியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சோப்பு நுரை பூசிய படிக்கட்டில் ஒரு தட்டு ஜெல்லியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஜெல்லி விழுந்தால் ஏறுகிறவரும் கீழே தொட்டிக்குள் விழ வேண்டும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதே நேரத்தில் இன்னொரு சேனலில் கால்பந்து அரையிறுதி ஓடியிருக்கிறது. மெல்போர்ன்காரர்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் ஊர் ஜனம் ஜெல்லியைத்தான் அதிகம் பார்த்தது என்று பேப்பரில் வந்துவிட்டது.

பக்கத்து மேசை கிரேக் அந்தப் பேப்பரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "இந்த நாட்டுக்கு இனி விமோசனம் இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம். "உங்கள் ஊரில் கிரிக்கெட்டுக்கு இப்படி ஒரு கேவலம் நடக்குமா?" என்று கேட்டார்.

"நடந்திருக்கிறது. நாங்கள்தான் நடத்தினோம். அதுவும் ஒரு தூக்குவாளியை வைத்து" என்றேன். தூக்குவாளிக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று தெரியாமல், மூடி போட்டது, கைப்பிடி வைத்தது, ரசம் ஊற்றுவது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது டீ நேரம் முடிந்துவிட்டது. கிரேக்குக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் மதுரை காளவாசல் பக்கத்து ஆட்கள் இருந்தால், நான் மிகைப்படுத்தவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

2

நான் இங்கே வந்த புதிதில், வேலை தேடித் தரும் அரசாங்க அலுவலகத்தில் ஓர் அம்மாள் என்னை எதிரே உட்காரவைத்து, முன்பு என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். கேபிள் டிவியில் போன் எடுத்தேன் என்றேன். என்ன மாதிரி போன் என்றார். பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஜனங்கள் சொல்வார்கள், சரியா தப்பா என்று நான் சொல்வேன் என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். இந்த வேலைக்கு அவரிடம் கட்டம் இல்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் தலையைச் சொறிந்தார். கடைசியில் வாடிக்கையாளர் சேவை என்று போட்டுக்கொண்டார்கள்.

எழுந்திருக்கும்போது அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "அப்படி என்னதான் இருந்தது அந்தப் பாத்திரத்தில்? பிஸ்கட்டா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் அவரைப் போலவே யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் கட்டத்தின் புண்ணியத்தில்தான் கேஸ் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் இந்த வேலை கிடைத்தது. முதல் சில மாதங்கள், போனை எடுத்தால் என் வாயில் "சொல்லுங்க" என்றுதான் வரும். அடுப்பு எரியவில்லை என்று ஆத்திரமாகக் கூப்பிடும் வெள்ளைக்காரர்கள் ஒரு நொடி திகைத்துப் போவார்கள். என் சூப்பர்வைசர் அது என்ன என்று கேட்டபோது, எங்கள் ஊரில் மரியாதையாகப் போன் எடுக்கும் முறை என்று சொல்லிவைத்தேன். இப்போது எங்கள் பிரிவில் இரண்டு பெண்கள் விளையாட்டாக "சொல்லுங்க" என்கிறார்கள். மொழி வளர்த்தேன் என்று எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தப் போவதில்லை.

வீட்டில்தான் வளர்க்க முடியவில்லை. என் மகள் கயலுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் காதில் ஹெட்போனோடு. அவளும் இந்த ஊர்க் கால்பந்தில் விழுந்துவிட்டாள். தன் அணியின் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் தூங்கவே போகிறாள். சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால் முதலில் என்னிடம் ஓடிவந்து, "அம்மா, ப்ளீஸ், அந்த பக்கெட் கதை மட்டும் வேண்டாம்" என்று இங்கிலீஷில் கெஞ்சுவாள். எனக்கு வருத்தம்தான். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே போட்டி அது. அது என் மகளுக்கு வெட்கமாக இருக்கிறது.

3

கயல் கைக்குழந்தையாக இருந்தபோது என் வீட்டுக்காரர் முதலில் இங்கே வந்துவிட்டார். எங்கள் விசா வரும்வரை நான் காளவாசலில் அக்கா வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் தூதரகம் இன்னொரு சான்றிதழ் கேட்கும். அதற்காகத் தல்லாகுளத்துக்குப் பஸ் ஏறுவதும், கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பதும், திரும்பி வருவதுமாக என் நாட்கள் போயின.

அக்கா வீட்டுக்காரர் முருகேசன் அத்தான் கேபிள் டிவி நடத்தினார். பெரிய ஆள் இல்லை, ஏழெட்டுத் தெருவுக்கு மட்டும் லைன். மொட்டை மாடியில் டிஷ், பக்கத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை. அதற்குக் கண்ட்ரோல் ரூம் என்று பேர். அங்கிருந்து சொந்தமாக ஒரு சேனல் விட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் படம், சாயங்காலம் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, தொலைந்துபோன சாவி பற்றிய அறிவிப்பு. அந்த அறையில் தூளி கட்டிக் கயலைப் போட்டுவிட்டு நான் போன் எடுப்பேன்.

ஒரு நாள் அத்தான் நேரலையில் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தபோது அக்கா தூக்குவாளியில் ஏதோ தின்பண்டம் கொண்டுவந்தாள். வாளி குலுங்கிய சத்தம் மைக்கில் போய்விட்டது. உடனே போன்.

"ஏம்மா, இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே, என்னாது? வேர்க்கடலையா?"

"ஆமாங்க."

"அப்பவே சொன்னேன்ல," என்று அந்த அம்மா போனை வைக்காமலே யாரையோ பார்த்துக் கத்தினார். "இந்த மனுசன் பட்டாணிங்கிறாரு."

அடுத்தடுத்து நாலைந்து பேர் அதையே கேட்டார்கள். அத்தானுக்குப் பொறி தட்டிவிட்டது. மறுநாளே நிகழ்ச்சி. ஒரு வீட்டிலிருந்து மூடிய தூக்குவாளி வரும். உள்ளே என்ன என்று என் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். மைக் முன்னால் குலுக்குவோம். மூன்று பேர் போனில் சொல்லலாம். சரியாகச் சொன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளர். இதைவிட மூளைக்கு வேலை இல்லாத நிகழ்ச்சியை யாராலும் யோசிக்க முடியாது என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்து பார்த்தாள்.

குலுக்குவதற்கும் பேசுவதற்கும் மொக்கைச்சாமி அண்ணன். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள். வருஷம் முழுக்க அத்தானுக்குக் கம்பம் ஏறி வயர் இழுப்பார். தை மாதம் வந்தால் வாடிவாசலில் மைக் பிடிப்பார். வேறு மாதிரி மைக்கில் பேச அவருக்குத் தெரியாது.

"வருது வருது, அண்ணாச்சி கடைச் சந்து மூணாவது வீட்டு வாளி வருது. மூடிய பாரு, இறுக்கத்தப் பாரு. தைரியமிருந்தா தொட்டுப் பாரு. ஒரு ஆளு மட்டும் பேசு, ரெண்டு பேரு சேந்து பிடிச்சா செல்லாது."

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மூன்று பேர் சொல்லியும் எல்லாம் தப்பு. அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் கையைத் தூக்கினார். "பிடிபடல, பிடிபடல. மாடு ஜெயிச்சிருச்சு. மாட்டுக்காரருக்கே பரிசு. ஒரு அண்டா. மாட்டுக்காரரு வந்து வாங்கிக்கங்கப்பா."

ஜல்லிக்கட்டில் அதுதான் வழக்கம். மாட்டைப் பிடித்தால் பிடித்தவனுக்குப் பரிசு, யாரும் பிடிக்க முடியாவிட்டால் மாட்டின் சொந்தக்காரருக்கு. இங்கே மாடும் இல்லை, அண்டாவும் இல்லை. ஆனால் வாளி கொடுத்த வீட்டம்மா பத்தாவது நிமிஷம் மாடியேறி வந்து நின்றார்.

அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏண்ணே, நம்மகிட்ட ஏதுண்ணே அண்டா?"

"வாய் தன்னால வந்துருச்சு மாப்ள," என்றார் அண்ணன்.

அக்காதான் எழுந்தாள். "மைக்ல சொல்லியாச்சு. ஏழு தெரு கேட்டிருக்கு. குடுக்காட்டி நாளைக்கு நான் கடைக்குப் போக முடியாது." தன் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அப்புறம் அந்த அண்டாவைப் பற்றி அத்தானிடம் பேசாமல் ஒரு நாள்கூட அவள் தூங்கியதில்லை.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஆளாளுக்கு வாளியோடு நின்றார்கள். அதுவரை கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. இப்போது ஒளித்து வைப்பதும் விளையாட்டாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்று மாடு பிடிக்கிறவர்கள் அல்லது மாட்டுக்காரர்கள். சும்மா வேடிக்கை பார்க்கிறவர் என்று யாருமே இல்லை. எங்கள் நிகழ்ச்சி பிழைத்ததே மொக்கைச்சாமி அண்ணன் செய்த அந்தத் தப்பால்தான்.

4

அப்போதுதான் அந்த இறுதி ஆட்டம் வந்தது. வெளிநாட்டில் இந்தியா ஆடிய கிரிக்கெட். அரசாங்க டிவியில் வரவில்லை. பூட்டுப் போட்ட ஒரு சேனலில் மட்டும்தான். அந்தப் பூட்டைத் திறக்கும் டீகோடர் பெட்டி எங்கள் பக்கத்தில் ஒரே ஆளுக்குத்தான் கிடைத்தது. அவர் ரயில்வே கேட் பக்கம் லைன் வைத்திருந்த தனபால்.

தனபால் நோட்டீஸ் அடித்து எங்கள் தெருக்களிலேயே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்க வேண்டுமானால் உடனே லைன் மாற்றித் தரப்படும் என்று. அவருடைய ஆட்கள் ஏணியும் கறுப்பு வயர்ச் சுருளுமாகத் தெருமுனையில் வந்து நிற்கத் தயாரானார்கள். ஒரு தடவை லைன் மாறிய வீடு திரும்பி வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு அத்தானின் கேபிள் முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். சாப்பாட்டில் கைவைக்காமல் எழுந்துவிடுவார். அக்கா அண்டாப் பேச்சையே நிறுத்திவிட்டாள். அதிலிருந்துதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்தது.

அவரை எதிர்க்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாளி. நெசவுக்காரத் தெரு சௌராஷ்டிரா வீட்டு சுலோச்சனா அக்கா கொடுத்தது. பரிசு கடைசியில் போதும், தினமும் இதையே இறக்குங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க அது பிடிபடவில்லை. காரணம், அது சத்தமே போடவில்லை. அண்ணன் மேலும் கீழும் குலுக்குவார், மைக்கில் ஒன்றும் கேட்காது. கோதுமை மாவு என்றார்கள், விபூதி, புளி, பழந்துணி என்றார்கள். ஒன்றுமே இல்லை, காலி வாளி என்று ஒருவர் சத்தியம் செய்தார். எல்லாம் தப்பு. தெருவே சுலோச்சனா அக்கா வீட்டு வாசலில் காது வைத்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ரகசியத்தை மறைக்கவே இல்லை. தெருவில் விளையாடும்போது வாளிக்குள் இருப்பதைச் சத்தமாகவே சொல்லிச் சிரித்தார்கள், ஆனால் தங்கள் வீட்டு மொழியில். பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

சனிக்கிழமை அத்தான் சொன்னார். "நாளைக்கு மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்துலயே வாளிய இறக்குவோம். மூணு போன் இல்ல, எம்புட்டுப் போன் வந்தாலும் எடுப்போம். சாயங்காலம் மூடியத் தொறந்துருவோம். மானம் போனா ஒரேயடியாப் போகட்டும்."

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை எடுத்தேன். வைக்க முடியவில்லை.

வைத்த கையோடு அடிக்கும். பஞ்சு, வெல்லம், அரப்புத் தூள், ரவை, சாம்பல். ஒரு டீச்சர், கணவரைக் கிரிக்கெட்டுக்குப் போகவிடாமல் வீட்டிலேயே உட்காரவைத்து அவரிடம் யோசனை கேட்டுக் கேட்டுச் சொன்னார். ஒரு பெரியவர், "அண்ணன் தோள்பட்டையப் பாரும்மா, வாளியத் தூக்கயில இறங்குது. உள்ள கனம் இருக்கு. பஞ்சு கிஞ்சுன்னு சொல்றவன் கூறுகெட்டவன்," என்றார். அதை அண்ணன் மைக்கில் சொன்னதும் ஊர் முழுக்கப் பஞ்சை விட்டுவிட்டு இரும்புக்கு மாறியது. ஆணி, தராசுக் கல், சைக்கிள் செயின். செயின் என்றால் சத்தம் வராதா என்று அடுத்த ஆள் சண்டைக்கு வந்தார்.

எதிரே டீக்கடையில் இரண்டு லைனும் இருந்தது. முதலில் கிரிக்கெட் ஓடியது. அக்கா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் கிரிக்கெட்தான்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்திட்டான், பாட்டு," என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தாள். "நம்ம வாளிடி," என்றாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் தனபாலின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. வயர்ச் சுருளை ஒருவன் தலைக்கு அணை கொடுத்துக்கொண்டு எங்கள் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம், மூடி திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு போன்.

"சொல்லுங்க."

"உப்பா?"

குரல் எனக்குத் தெரிந்த குரல். பெயர் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "தங்கராசுன்னு போட்டுக்கம்மா," என்றார். பின்னால் கிரிக்கெட் சத்தம் இல்லை. மொக்கைச்சாமி அண்ணனின் குரல்தான் கேட்டது. எங்கள் லைன் அவர் வீட்டுக்குள் எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

"உப்பு இல்லைங்கண்ணே," என்றேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "தனபால் அண்ணே, மேட்ச்சு என்ன ஸ்கோரு?"

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "தெரியலம்மா," என்றார். "நான் இதப் பாத்துக்கிருக்கேன்." வைத்துவிட்டார்.

நான் அதைச் சொன்னதும் அத்தான் கண்ட்ரோல் ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து சாப்பிடாத மனிதர், தட்டைக் கேட்டார்.

மூடியைத் திறந்தார்கள். உள்ளே கடுகு. கழுத்து வரை, தட்டித் தட்டி, இன்னும் ஒரு கடுகுக்கு இடமில்லாமல் நிரப்பி மூடியிருந்தார் சுலோச்சனா அக்கா. பாதி வாளி கடுகு என்றால் சத்தம் போடும். நிறைந்த வாளிக்கு அசைய இடமில்லை. மாடு பிடிபடல, மாட்டுக்காரருக்கே பரிசு, ஒரு கட்டில் என்று அண்ணன் தொண்டை கட்டும்வரை கத்தினார். தூளியில் கயல் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் லைனில் ஒரு வீடுகூட மாறவில்லை. அடுத்த மாதம் ரயில்வே கேட் பக்கத்திலிருந்து வீடுகள் எங்களிடம் வர ஆரம்பித்தன. அந்த மேட்சில் ஜெயித்தது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இங்கே இறுதி ஆட்டச் சனிக்கிழமை வந்துவிட்டது. அன்று இந்த ஊரில் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். கயலின் அணி ஆடவில்லை, ஆனாலும் துண்டைச் சுற்றிக்கொண்டாள். அவள் சிநேகிதிகள் நால்வர் வந்தார்கள். என் வீட்டுக்காரர் அழைத்து கிரேக்கும் மனைவியோடு வந்திருந்தார். எனக்குச் சமையலறையில் வேலை. பக்கெட் கதை பேசக்கூடாது என்று காலையிலேயே உத்தரவு வாங்கியிருந்தேன்.

பாதி ஆட்டத்து இடைவேளையில் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தை அணைத்துவிட்டுச் சமோசாவுக்கு வந்தார். நான் திரும்பி ஹாலுக்குப் போனபோது கயல் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மதுரையிலிருந்து வந்த என் தூக்குவாளி. குலுக்கினாள். சத்தம் வரவில்லை.

"சாக்ஸ்," என்றாள் ஒருத்தி. "ரொட்டி," என்றாள் இன்னொருத்தி. கிரேக்கின் மனைவி தன் முறை வரும்வரை பொறுக்காமல் எழுந்து நின்றே சொன்னார். அவர்களுக்குப் பின்னால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிரேக் முதலில் ஓரக்கண்ணால் டிவியைப் பார்த்தார், அப்புறம் நாற்காலியையே வாளிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அவள் கையைப் பாருங்கள், கனமே இல்லை," என்றார். காளவாசல் பெரியவரின் பேச்சு அப்படியே.

கயல் என்னைப் பார்த்தாள். நான் என் அனுபவத்தையெல்லாம் திரட்டி, "பஞ்சு," என்றேன்.

அவள் இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினாள். பிறகு வாளியைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"பிடிபடல, பிடிபடல. மாடு ஜெயிச்சிருச்சு. மாட்டுக்காரருக்கே பரிசு."

மொக்கைச்சாமி அண்ணனின் இழுப்பு, அவர் நிறுத்தும் இடம், எல்லாம் அப்படியே இருந்தது. ஹெட்போனுக்குள் என் கதை போகவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிநேகிதிகள் அவளிடம் அதை மறுபடி சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்னாள். வெட்கப்படவில்லை.

மூடியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய கால்பந்துத் துண்டு. அதற்குள் சுற்றி வைத்திருந்தது டிவி ரிமோட். என் வீட்டுக்காரர் அப்போதுதான் சோபாவைத் தடவிப் பார்த்தார்.

"அண்டா எங்கம்மா?" என்றாள் கயல், தமிழில். "மைக்ல சொல்லியாச்சு."

இடியாப்பம் அவிக்க வைத்திருந்த என் பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு அங்கிருந்தே காளவாசலுக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம். அத்தான் எடுத்தார்.

"அத்தான், இங்கயும் ஃபைனல் மேட்ச்சு தோத்துருச்சு," என்றேன்.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எந்த வீட்டு வாளி?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டு வாளிதான் அத்தான்."